தூர்ந்த துறையும் குடிபுகாத வீடுகளும்

எங்களூரின் பெயரில் ஒரு துறை இருக்கிறது. ஊரில் துறை இல்லை. சம்மாந்துறைக்கு முதன்முறை வரும் நண்பர்கள் "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்பதுண்டு. கிழக்கே காரைதீவைத் தாண்டினால்தான் கடல். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். சம்பான் எனப்படும் தட்டை அடி மரக்கலங்கள் வந்து ஒதுங்கிய துறை 'சம்பான்துறை' என்று வழங்கி, அதுவே சம்மாந்துறையாயிற்று என்பது எங்கள் மூத்தவர்கள் சொல்லிவரும் பெயர் விளக்கம். மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. தரைவழி சீராக இல்லாத காலத்தில் ஆளும் பண்டமும் அந்த நீர்வழியே போய்வந்தன. கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போகும் வழியில் கிட்டங்கிப் பாலம் இருக்கிறது. கிட்டங்கி என்றால் பண்டகசாலை. இன்று அந்தச் சொல் ஒரு பாலத்தின் பெயராக மட்டும் நிற்கிறது.

சம்பான் எப்படி இருந்திருக்கும் என்று சிறு வயதில் வாப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவரும் கண்டதில்லை. "பேரு இரிக்கித்தானே மனே, அது போதாதா?" என்றார்.

போதாது என்பதுதான் இந்தக் கட்டுரை. பெயர் நின்று பொருள் போய்விட்டால், பிறகு யாரும் அந்தப் பெயருக்கு எந்த விளக்கத்தையும் சொல்லலாம். அதை மறுப்பதற்கு எம்மிடம் ஒன்றும் இருக்காது. எங்கள் கரையில் இன்று கைவிடப்பட்டுக் கிடக்கும் கட்டடங்களும் படகுகளும் நாளைக்கு அந்தச் சம்பானைப் போல ஆகிவிடக்கூடும். அதனால்தான் ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு பழைய கமராவையும் மருமகனின் மோட்டார் சைக்கிளையும் நம்பி, மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இவற்றைப் படமெடுத்துத் திரிகிறேன். படப்பிடிப்பு எனக்குத் தொழிலல்ல. அதில் நான் செய்த ஒரு பிழையையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

படம் எடுக்கப்பட்ட இடிபாடு

இடிபாடுகளைப் படமெடுப்பது இக்காலத்து இளைஞர்களின் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கையில் அது 150 வருடங்களுக்கு முன் அரசாங்க வேலையாகவே நடந்தது. ஆளுநர் சேர் ஹேர்கியூலிஸ் றொபின்சன் காலத்தில், 1868ஆம் ஆண்டு, தொல்பொருள் பற்றி ஆராய ஒரு குழு நியமிக்கப்பட்டது. அக்குழுவின் பொருட்டு ஜோசப் லோட்டன் என்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் 1870, 1871 ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா முதலிய இடங்களுக்குச் சென்றார். அன்று பிலிம் இல்லை. கண்ணாடித் தகடும் மருந்துப் போத்தல்களும் இருட்டறைக் கூடாரமும் சுமந்துகொண்டு காட்டுக்குள் போக வேண்டும். காடு மூடிய தாகபைகளையும் சரிந்த தூண்களையும் அவர் பதிவுசெய்தார். உடல்நலம் கெட்டு இங்கிலாந்து திரும்பி 1872இல் இறந்துபோனார். 1890இல் எச்.சி.பி. பெல்லின் தலைமையில் தொல்பொருள் அளவைப் பணி முறையாகத் தொடங்கியபோது, அந்தப் படங்கள் ஏற்கெனவே இருந்தன.

இதில் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. படமும் அளவும் குறிப்பும் எடுக்கப்பட்ட இடிபாடு காலப்போக்கில் 'மரபுரிமை' ஆயிற்று. அதற்கு வேலியும் சட்டமும் காவலாளியும் கிடைத்தன. யாரும் படமெடுக்காத இடிபாடு வெறும் கல்லும் மண்ணுமாகவே கிடந்து, ஒருநாள் வீதிக்குக் கிறவலாகப் போயிற்று. கண்டி மன்னன் செனரத் 1626இல் 4000 முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பதைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் குவேறோஸின் நூலை வைத்தே நாங்கள் எடுத்துச் சொல்கிறோம். அந்த மக்கள் கட்டிய வீடு எது, பள்ளி எது, படகு எது என்று கேட்டால் கையை விரிக்கிறோம். மற்றவர் எழுதிய ஒரு வரியில் தொங்கும் வரலாறு எவ்வளவு பலவீனமானது என்பதை, காணிப் பிரச்சினை ஒன்று வரும்போதெல்லாம் எங்கள் கரையோர ஊர்கள் உணர்ந்திருக்கின்றன.

படம் மறைப்பவை

ஆனால் படமெடுத்தால் மட்டும் போதுமா? கிழக்கின் கடலில் இருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பாலான கடலில் பிரித்தானியாவின் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தன. 307 பேர் மாண்டார்கள். அது தீப்பற்றிச் சரியும் காட்சியை ஜப்பானிய விமானமொன்றிலிருந்து எடுத்த படம் இன்றும் புத்தகங்களில் வருகிறது. கப்பல் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சேர்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் அதைவிட ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கிறது. இன்று உலகின் பல நாடுகளிலிருந்து சுழியோடிகள் வந்து இவற்றைப் படமெடுக்கிறார்கள். பாசி படர்ந்த பீரங்கி, சுற்றி நீந்தும் களவா மீன், அழகான படங்கள்தான். ஆனால் அது ஒரு கபுறு. படத்தின் அழகு அதை மறக்கச் செய்கிறது.

அண்மைக் காலத்து உதாரணம் முல்லைத்தீவுக் கரையில் நின்றது. ஜோர்தானுக்குச் சொந்தமான பரா 3 என்ற சரக்குக் கப்பல், இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு அரிசி ஏற்றிக்கொண்டு போகும்போது இயந்திரம் பழுதாகி, 2006 டிசம்பரில் அந்தக் கரையில் ஒதுங்கியது. மாலுமிகள் 25 பேரும் விடுதலைப் புலிகளால் கரைசேர்க்கப்பட்டு, பின்னர் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாகத் திரும்பினார்கள். கப்பல் அங்கேயே கிடந்து துருப்பிடித்தது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு தெற்கிலிருந்து பஸ்களில் போனவர்கள் அந்தத் துருப்பிடித்த உடலின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நின்ற மணலில் என்ன நடந்தது, யார் பிள்ளைகளைத் தேடி அலைந்தார்கள் என்பது அந்தப் படங்களில் வராது. கப்பல் பெரிதாக நின்று மனிதரை மறைத்துவிட்டது.

இது எங்கள் நாட்டுக் குறை மட்டுமல்ல. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் கூரையிழந்த தேவாலயத்தின் முன்னால் இன்று கல்யாண சோடிகள் நின்று படமெடுக்கிறார்கள். பக்கத்துக் குடிசையில் சங்கும் சிப்பியும் விற்றுப் பிழைக்கும் குடும்பம் படச் சட்டத்துக்கு வெளியே தள்ளப்படுகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கார்த் தொழிற்சாலைகள் மூடப்பட்ட பிறகு, இடிந்த அரங்குகளையும் ரயில் நிலையத்தையும் இரண்டு பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர்கள் எடுத்துப் 2010இல் பெரிய புத்தகமாக வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட படங்கள் பெருகியபோது அந்நகர மக்களில் பலர் கோபப்பட்டார்கள். இலட்சக்கணக்கானோர் இன்னும் வாழும் ஊரைச் சவம்போலக் காட்டுகிறீர்களே என்பது அவர்களின் குறை.

இதையெல்லாம் நான் பின்னர்தான் வாசித்தேன். அதற்கு முன்பே ஒரு தாய் எனக்கு இதைச் சொல்லித் தந்துவிட்டார்.

என் பிழை

சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் பாடசாலைப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு படக் கண்காட்சி நடந்தது. நானும் ஏழெட்டுப் படங்கள் கொடுத்தேன். அதில் ஒன்று, கரையோர ஊரொன்றில் சுனாமியில் இடிந்து அப்படியே நின்ற ஒரு வீடு. கூரை இல்லை. ஒரு சுவரும் அதில் பதித்த சீமெந்துத் தட்டும், அடுப்படியின் கரிப்படிவும் மட்டும் மிச்சம். பின்னால் கடல். மாலை வெயில் சுவரில் மஞ்சளாக விழுந்திருந்தது. நல்ல படம் என்று பலரும் சொன்னார்கள். கீழே 'மௌனம்' என்று தலைப்பு எழுதி வைத்திருந்தேன்.

பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு வயதான தாய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். வெகுநேரம் அசையவில்லை. பிறகு என்னிடம் வந்து, "மனே, இது எங்கட குசினி" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "தெரியாமப் போச்சு உம்மா" என்றேன்.

"கீழ என்ன எழுதி இரிக்கி?"

வாசித்துக் காட்டினேன்.

"மௌனமா? அண்டைக்கி நாங்க கத்தின சத்தம் இன்னும் என்ட காதுல கிடக்கு. அந்தத் தட்டுல என்ட மகள்ட ஸ்கூல் கோப்ப இருந்த. ரெண்டும் போயிட்டு."

கோபமாகப் பேசவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த படத்தைப் பார்க்கப் போய்விட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். இலங்கையில் ஆகக்கூடிய உயிரிழப்பு எங்கள் மாவட்டத்தில்தான். இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம், மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்தச் சுவரைப் படமெடுத்தபோது, அது யாருடைய சுவர் என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெயில் மங்குவதற்குள் எடுத்துவிட வேண்டுமென்ற அவசரம்.

சாட்சியத்தை மறைக்கக் கூடாது என்பது சின்ன வயதிலேயே எங்களுக்கு ஓதித் தரப்பட்ட பாடம். பெயரில்லாத, திகதியில்லாத, காரணம் சொல்லாத ஒரு படம் சாட்சியம் சொல்வதாகப் பாசாங்கு செய்துகொண்டு சாட்சியத்தை மறைக்கிறது. அன்றிலிருந்து நான் படமெடுக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். அப்படி மாற்றிய பிறகு எடுத்த இரண்டு இடங்களைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

தூர்ந்த துறை

முதலாவது ஒலுவில். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் 1948இல் பிறந்தது எங்கள் சம்மாந்துறையில். வளர்ந்தது கல்முனையில். 1994இல் கப்பல், துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சரானபோது இந்தக் கரைக்கு ஒரு துறைமுகம் வேண்டுமென்பதைத் தன் கனவாக்கிக்கொண்டார். 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி, மறு வருடம் பல்கலைக்கழகமாயிற்று. 1999இல் ஒலுவில் கரையில் 24 மீற்றர் உயரமான வெளிச்சவீடு எழுந்தது. 2000 செப்டெம்பர் 16இல் அரநாயக்கவில் நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தார். பெயரில் மட்டும் துறை கொண்ட ஊரில் பிறந்தவர் நிஜமான ஒரு துறைக்கு ஆசைப்பட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

துறைமுக வேலை 2008இல் தொடங்கியது. டென்மார்க்கின் வட்டியில்லாக் கடன் சுமார் 46 மில்லியன் யூரோ. 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ திறந்துவைத்தார். வர்த்தகக் கப்பலுக்கும் மீன்பிடிப் படகுக்கும் சேர்த்துக் கட்டிய துறை அது. வர்த்தகக் கப்பல்களின் வரிசை வரவேயில்லை. மணல்தான் வந்தது.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளப் பொறியியல் பட்டம் தேவையில்லை. எங்கள் கரையில் அலையோடு சேர்ந்து மணல் வருடக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அது கரைக்குச் சமாந்தரமாக ஓடும் மணல் ஆறு. அந்த ஆற்றுக்குக் குறுக்கே கடலுக்குள் கல்லணை நீட்டினால், மணல் அணையின் தென்புறத்தில் குவியும். மிஞ்சியது சுற்றிவந்து துறையின் வாயை அடைக்கும். வடபுறக் கரைக்கு வரவேண்டிய மணல் வராது. ஆனால் கடல் அங்கிருந்து எடுப்பதை நிறுத்தாது. தெற்கே கரை வளரும். வடக்கே கரை கரையும். ஒலுவிலின் தென்னந்தோட்டங்களையும் நிந்தவூர்க் கரையையும் கடல் அரித்தது. இன்னும் வடக்கே மாளிகைக்காட்டுக் கரையில் மையவாடிச் சுவரையும் கடல் விட்டுவைக்கவில்லை. துறையின் வாயில் பல தடவை மணல் அகழப்பட்டது. அகழ்ந்த பிறகும் மணல் வந்தது.

அனுமதி பெற்று ஒருநாள் உள்ளே போனேன். வெளிச்சவீடு வெள்ளையாக நிற்கிறது. வாயில் தூர்ந்த மணலில் காகங்கள் நடக்கின்றன. கரையில் ஏற்றி வைத்த பலநாள் படகொன்றின் பலகைகள் வெயிலில் வாய் பிளந்து, பூச்சு பட்டை பட்டையாக உரிந்து, இயந்திரம் கழற்றிய இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பழைய நானாக இருந்திருந்தால் அந்தத் தண்ணீரில் விழுந்த வானத்தின் நிழலை எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். இம்முறை பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"காக்கா, இந்தப் படகு ஆர்ர?"

"என்ட மச்சான்ர. அவர் இப்ப கட்டாருல."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். படகு எந்த வருடம் வாங்கியது, நகை எவ்வளவு அடகு வைத்தது, வாய் அடைபட்ட நாட்களில் எத்தனை பேர் தொழிலுக்குப் போகமுடியாமல் இருந்தார்கள், கடைசியாக எப்போது கடலுக்குப் போனது. எல்லாம் சொன்னார். படமெடுத்து முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார். "இத வச்சி ஆருக்கிட்டக் காட்டுவீங்க?" அதற்கு என்னிடம் நேரான பதில் இருக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தின் பின்னால் இன்று ஒன்றரைப் பக்கக் குறிப்பு இருக்கிறது. நாளைக்கு யாராவது 'ஒலுவில் துறைமுகம் ஏன் தோற்றது' என்று ஆய்வு செய்தால், மணல் கணக்குடன் அடகு வைத்த நகையின் கணக்கும் அவருக்குக் கிடைக்கும்.

குடிபுகாத வீடுகள்

இரண்டாவது இடம் அக்கரைப்பற்றுப் பக்கத்து நுரைச்சோலை. சுனாமிக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டக் கூடாதென அரசு முதலில் விதித்தது. எங்கள் ஊர்களின் அமைப்பு வாசகர்களுக்குத் தெரியும். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு கீற்று நிலத்தில் வளவோடு வளவு ஒட்டிய வீடுகள். அந்தக் கீற்றில் 200 மீற்றரை வெட்டிவிட்டால் சனம் எங்கே போவது? உள்நாட்டில் காணி தேட வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடியில்தான் சவூதி அரேபியாவின் நிதியில் நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை என்று ஒரு முழு ஊர்.

வீடுகளை முஸ்லிம்களுக்கு மாத்திரம் வழங்கக் கூடாது, அந்த நிலம் தீகவாபிக்கு அண்மையானது என்ற எதிர்ப்பு எழுந்து, 2008இல் விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. பங்கீடு நின்றது. கட்டி முடித்த ஊர் 15 வருடங்களுக்கு மேல் குடிபுகாமல் கிடந்தது.

நான் போனபோது காடு ஊருக்குள் வந்துவிட்டிருந்தது. கதவில்லை, யன்னலில்லை, வயரில்லை. கழற்றக்கூடியது எல்லாம் கழற்றப்பட்டிருந்தது. ஒரு வீட்டின் மண்டபத்தில் மரமொன்று தரையைப் பிளந்து கூரைவரை வளர்ந்து நின்றது. மாட்டுச்சாணம். யானை உரசிப்போன சுவர். தனுஷ்கோடியிலும் டெட்ராய்ட்டிலும் உள்ளவை ஒருகாலத்தில் மனிதர் வாழ்ந்து கைவிட்ட கட்டடங்கள். நுரைச்சோலை அப்படியல்ல. அங்கே ஒரு அடுப்புக்கூட எரியவில்லை. ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை. அந்தக் குசினிச் சுவர்களில் கரி இல்லை. அதைப் பார்த்தபோதுதான் கண்காட்சியில் நின்ற அந்தத் தாயின் நினைவு வந்தது. கரி படிந்த ஒரு சுவரை இழந்தவர்கள் ஒரு பக்கம், கரி படியாத சுவர்கள் மறுபக்கம், நடுவில் சில கிலோமீற்றர் வீதி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சுனாமி இனம் பார்த்து வரவில்லை. எங்கள் மாவட்டத்தில் தமிழரும் சிங்களவரும் உறவுகளை இழந்தார்கள். அந்த 500 வீடுகளும் யாருக்குப் போயிருந்தாலும் 500 குடும்பங்கள் அடுப்பு மூட்டியிருக்கும். பங்கு பிரிப்பதில் வாதாடிய எல்லாத் தரப்புக்கும் காரணங்கள் இருந்தன. அந்தக் காரணங்களுக்கு நடுவில் காடு மட்டும் காரணம் கேளாமல் குடியேறியது. இதைப் படமெடுக்கும்போது நான் குறித்துக்கொண்டது: இது இடிபாடு அல்ல, நிலுவை. இடிபாடு என்றால் முடிந்துபோனது. நிலுவை என்றால் யாரோ யாருக்கோ இன்னும் கொடுக்க வேண்டியது. எங்கள் கரையின் கைவிடப்பட்ட கட்டடங்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை.

எப்படிப் பதிவது?

வடக்கு முஸ்லிம்களின் அனுபவம் இதற்கு வலுவான சான்று. 1990 ஒக்டோபரில் ஐந்து மாவட்டங்களிலிருந்து சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். காணி உறுதியையே எடுக்கமுடியாத சனம் அல்பத்தையா எடுத்திருக்கும்? பல வருடங்கள் கழித்துத் திரும்பியவர்கள் சோனகத்தெருவில் கூரையில்லாத சுவர்களின் நடுவே நின்று, 'இது எங்கட வீடு' என்று வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் பெருநாளுக்கு எடுத்த ஒரு குடும்பப் படம் கையில் இருந்தால் அதன் பெறுமதி என்ன என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே இந்த வேலையில் ஆர்வமுள்ள தம்பி, தங்கச்சிமாருக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். முதலில் கேளுங்கள், பிறகு எடுங்கள். கைவிடப்பட்ட கட்டடத்துக்கும் உரிமையாளர் உண்டு; துறைமுகம், அரச காணி என்றால் அனுமதி உண்டு. பாழ்பட்ட மாடிப்படியில் ஏறி உயிரைப் பணயம் வைக்காதீர்கள். ஒரு கல்லைக்கூட எடுத்துவராதீர்கள், ஒரு கதவைக்கூட அழகுக்காக நகர்த்தாதீர்கள். கட்டடத்தின் நான்கு பக்கமும் நேராக நின்று எடுங்கள். பிறகுதான் உங்கள் விருப்பக் கோணம். ஜேர்மனியில் பேர்ண்ட், ஹில்லா பெக்கர் தம்பதியர் 1959 முதல் பல பத்தாண்டுகளாகத் தண்ணீர்த் தாங்கிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் ஒரே விதமான மங்கல் வெளிச்சத்தில், ஒரே விதமாக நேராக நின்று எடுத்தார்கள். அலங்காரமில்லாத அந்தப் படங்கள்தான், இடிக்கப்பட்டுவிட்ட பல கட்டடங்களுக்கு இன்று ஆதாரம்.

அளவு தெரிய ஒரு கோலையோ தெரிந்த பொருளையோ பக்கத்தில் வையுங்கள். அதே இடத்துக்கு அடுத்த வருடமும் போங்கள். நின்ற இடத்திலேயே நின்று எடுங்கள். கடலரிப்பைக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை: ஒரு தென்னை, ஒரு கிணறு, ஒரு மதில், அவற்றுக்கும் அலைக்கும் இடையிலான தூரம். நான் ஒலுவிலுக்கு வடக்கே ஒரு கிணற்றை இப்படி மூன்று வருடம் எடுத்தேன். முதல் படத்தில் அது வளவுக்குள். இரண்டாவதில் கரையில். மூன்றாவதில் அதன் கொங்கிறீற் வளையம் அலைக்குள் கிடக்கிறது. மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேச்சே தேவையில்லை.

எழுத வேண்டியவை: இடம், திகதி, கட்டியது எப்போது, கைவிட்டது எப்போது, ஏன், இன்று யார் உரிமை கோருகிறார்கள். ஆட்களின் பெயரை அவர்கள் சம்மதித்தால் மட்டும் வெளியிடுங்கள். சம்மதிக்காவிட்டால் குறிப்பில் மட்டும் இருக்கட்டும். படத்தைக் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் சேர்ந்துதான் போயின. ஒரு பிரதி வீட்டில், ஒன்று ஊர் நூலகத்தில் அல்லது பள்ளிவாசல் அலுமாரியில், ஒன்று நூலகம் நிறுவனம் போன்ற மின்னாவணகத்தில் என்று மூன்று இடங்களில் இருக்கட்டும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பாடசாலை இந்த வேலையைக் கையில் எடுத்தால், பழைய நெல் களஞ்சியம், மூடிய அரிசி ஆலை, ஓடையோரம் கவிழ்ந்து கிடக்கும் தோணி வரை ஒரு வருடத்தில் பட்டியல் தயாராகிவிடும்.

முடிவாக

அந்தத் தாயைத் தேடி ஆறு மாதம் கழித்துப் போனேன். மகனின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பத்தி இறக்கி அதில் இருந்தார். பிரதி ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பேனையையும் தாளையும் எடுத்து, "கீழ என்ன எழுதணும், சொல்லுங்க உம்மா" என்றேன். அவர் சொன்னார், நான் எழுதினேன். வீடு கட்டிய வருடம், கொத்தனார் யார், கிணறு எந்தப் பக்கம், அன்றைக்குக் காலையில் அடுப்பில் என்ன இருந்தது, தட்டில் யாருடைய கோப்பை இருந்தது. மகளின் பெயரைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தினார்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அது அவர்களுடைய அமானிதம். ஆனால் படத்தின் கீழே இருக்கிறது. 'மௌனம்' என்ற தலைப்பை அடித்துவிட்டேன்.